பொன்னாடை போர்த்திய குழாய்

ஆக்லாந்தில் வீட்டுத் தண்ணீர்க் குழாய் உறைந்துபோகும் என்று சொன்னால், இங்கே பிறந்து வளர்ந்தவர்களே சிரிப்பார்கள். அது தெற்குத் தீவின் தொல்லை, இங்கே ஒரு குடை இருந்தால் குளிர்காலம் கழிந்துவிடும் என்பார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் பக்குரங்காவில் எங்கள் வீதி ஓடையை நோக்கிச் சரிகிறது. எங்கள் வீடு அந்தச் சரிவின் அடியில் இருக்கிறது. வானம் வெளித்திருக்கும் நாள்களில், மேட்டில் இருக்கும் குளிரெல்லாம் பொழுது சாய்ந்ததும் மெல்ல நடந்து வந்து எங்கள் வளவுக்குள் தங்கிக்கொள்ளும். விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்பளம்போல வெளுத்திருக்கும்.

நீங்கள் என்னிடம் குழாயைப் பற்றிக் கேட்கவில்லை என்பது தெரியும், ஐயா. ஆனால் பாடத்தை நடுவிலிருந்து தொடங்கினால் எவருக்கும் விளங்காது. தமிழிலேயே சொல்லலாம் என்று அனுமதித்ததற்கு நன்றி. மொழிபெயர்க்க வந்திருக்கும் கம்சாயினிப் பிள்ளைக்கு ஒரு வேண்டுகோள்: நான் சொல்லாததைச் சேர்க்கவேண்டாம், சொன்னதைக் குறைக்கவும் வேண்டாம்.

என் பெயர் சோதிலிங்கம். யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தேன். இங்கே வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் கற்பித்தேன். நானும் என் மனைவி ரதிதேவியும் முன்வீட்டில் இருந்தோம். பின்வளவில் உள்ள தனி அறையில் சரத் என்பவர் வாடகைக்கு இருந்தார். தமிழ்நாட்டுக்காரர், ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, பெரும்பாலும் இரவு முறை. எங்கள் ஒரே மகள் சிவானி த்ரீ கிங்ஸில் இருக்கிறாள்.

இனிக் குழாய். வாசலில் உள்ள மீட்டரிலிருந்து தெற்கு வேலியோரமாக ஒரு செப்புக் குழாய் வருகிறது. முன்பு இந்த வீட்டில் இருந்தவர் பின்வளவு அறையைக் கட்டியபோது, மண்ணைத் தோண்டச் சோம்பல்பட்டு, அதை வேலிக் கட்டைகளிலேயே அடித்து ஓட்டியிருக்கிறார். குழாய் முதலில் அந்த அறைக்குப் போய், அங்கிருந்து திரும்பி எங்கள் சமையலறைக்கு வருகிறது. யாழ்ப்பாணத்தில் தெற்கு என்றால் காற்று. இங்கே தெற்கு என்றால் வெயில் படாத பக்கம். ஆனி, ஆடி மாதங்களில் அந்த வேலியில் பாசி ஒன்றுதான் செழிப்பாக இருக்கும்.

குளிர் வரப்போகிறது என்று செய்தியில் சொன்ன நாளில் சரத் எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“சார், டேப்ப முழுசா மூடாதீங்க. நூல் மாதிரி லேசா ஒழுக விடுங்க, ஓடுற தண்ணி உறையாது. அந்த பைப்புக்கும் எதையாவது சுத்தி விடணும் சார். வெறும் ஒடம்போட வெளிய நிக்குது, பாவம்.”

பாவம் என்றதற்கு ரதிதேவி சிரித்தாள். வீட்டில் ஒரு கதவு புதிதாகக் கிரீச்சிட்டால் காது உடனே அந்தப் பக்கம் திரும்புமல்லவா, அப்படி என் காது திரும்பியது.

தண்ணீரை வீணாக்குவது பாவம் என்று நான் அவருக்கு விளக்கினேன். அவர் தலையாட்டினார். அவர் டேப் என்றதை நாங்கள் பைப் என்போம்; ஆனால் அன்று மாலை நான் பூட்டிய சமையலறைப் பைப் சற்று நேரத்தில் மீண்டும் சொட்டத் தொடங்கியது. எழுந்து போய்ப் பூட்டினேன். மறுபடி சொட்டியது. அந்த வீட்டில் நான் பூட்டிய ஒன்றை இன்னொருவர் திறந்தது அதுவே முதல்முறை.

இங்கே என் முறைமையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நான் ஒருபோதும் கோபத்தில் அடித்தவனல்லன். கோபத்தில் அடிப்பவன் தனக்காக அடிக்கிறான். ஆசிரியன் அடிபடுகிறவனுக்காக அடிக்கிறான். ஜனார்த்தன் என்றொரு மாணவன் இருந்தான். வகுப்பில் யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுடைய இடது காதோடு சேர்த்து நான் கொடுத்த அறைக்குப் பிறகு, கரும்பலகையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. இப்போது இங்கே பெரிய பொறியியலாளன். பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் எனக்கு முதலாவது பொன்னாடையைப் போர்த்தியவன் அவன்தான். நான் அவனை வாழ்த்திப் பேசியபோது, வலது காதை என் பக்கம் திருப்பி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டாவது பொன்னாடை கோயிலில் கிடைத்தது. மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் எனக்கு ஓய்வு கொடுத்தபோது கிடைத்தது. இந்த நாட்டில் பிரம்பு கூடாது என்று அவர்கள் முதல்நாளே சொல்லியிருந்தார்கள். விரல்களுக்கிடையில் பென்சிலை வைத்து அழுத்துவதற்குப் பிரம்பு வேண்டியதில்லை. பெற்றோர் சிலர் தங்களுக்குள் பேசி, பிரியாவிடை ஒன்று வைத்து, மரியாதையாகப் போர்த்தி அனுப்பிவைத்தார்கள். மூன்று பொன்னாடைகளையும் பூச்சியுருண்டை போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன்.

சிவானியையும் நான்தான் வளர்த்தேன். பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒருமுறை எங்கே போனாள் என்பதை மறைத்துவிட்டாள். கரண்டியைச் சூடாக்கி உதட்டில் வைத்தேன். அதன் பிறகு அவள் என்னிடம் தமிழில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. தமிழில் எதுவுமே சொன்னதில்லை. கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில்தான் மறுமொழி.

ரதிதேவியின் வலது மணிக்கட்டு சற்று வளைந்திருக்கும். சரத் அதையும் கவனித்துவிட்டார்.

“ஆன்ட்டி, கைக்கு என்னாச்சு?”

“கதவு பட்டிட்டுது, தம்பி.”

“கதவு தானா வந்து பட்டுச்சா, ஆன்ட்டி?”

ரதிதேவி சொன்னது உண்மைதான். கதவுதான் பட்டது. எனக்குத் தெரியாமல் சிவானியோடு போனில் கதைத்ததற்காக நான் கதவைச் சாத்தினேன். அவளுடைய கை இடையில் இருந்தது. இனிக் கதைக்கமாட்டேன் என்று சொல்லும்வரை கதவைப் பிடித்திருந்தேன். சொல்வதற்கு அவள் தாமதித்தாள். தாமதம் என்னுடையதன்று.

ஆடி அமாவாசைக்குச் சில நாள்களுக்கு முன்னர் ரதிதேவி சமையலறையில் பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

“இஞ்சருங்கோ. ஆடி அமாவாசை முடிய நான் சிவானியோட போறன்.”

“எத்தினை நாளைக்கு?”

“திரும்பி வரமாட்டன். மாமாவுக்குப் படைச்சுப்போட்டுத்தான் வெளிக்கிடுவன் எண்டு அம்மாளுக்கு நேர்ந்தனான். அண்டைக்கு மத்தியானம் பிள்ளை வந்து கூட்டிக்கொண்டு போவாள்.”

கத்தி நிற்கவில்லை. பாகற்காய் துண்டு துண்டாக விழுந்துகொண்டிருந்தது. நான் “சரி” என்றேன்.

இந்த இடம் முக்கியமானது. ஆடி அமாவாசை, இறந்துபோன தகப்பனுக்காகப் பிள்ளை விரதமிருக்கும் நாள். என் தகப்பனாருக்காக நான் விரதமிருப்பேன். ரதிதேவி குளித்து, சமைத்து, படையலிடுவாள். ஊரிலென்றால் காகத்துக்கு வைத்த பிறகு சாப்பிடுவோம். ஆக்லாந்தில் காகம் இல்லை. மைனாக்கள் வந்து சாப்பிடும்; என் தகப்பனார் அதற்கும் குறை சொல்பவரல்லர் என்று எடுத்துக்கொள்வோம். என்னைக் கட்டியெழுப்பியது அவருடைய கை. அவர் இடுப்புவாரைத்தான் அதிகம் நம்பினார்.

ரதிதேவி நேர்ந்தால் நேர்ந்ததுதான். காய்ச்சலோடு தீ மிதித்தவள் அவள். படைத்துவிட்டுத்தான் போவேன் என்று அம்மனுக்குச் சொல்லியிருந்தால், படைக்காமல் போகமாட்டாள். படையல் அமாவாசைத் திதிக்குள் முடியவேண்டும். இந்த முறை திதி மத்தியானத்துக்கு முன்னரே முடிந்துவிடுகிறது என்பதைப் பஞ்சாங்கத்தில் பார்த்து வைத்திருந்தேன். திதி தவறினால் அடுத்த ஆடி அமாவாசை வரை காத்திருக்கவேண்டும். ஒரு முழு ஆண்டு. ஓர் ஆண்டில் ஒரு பெண்ணின் மனத்தை எத்தனையோ வழிகளில் திருத்தலாம். நான் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை, ஐயா. அவள் எழுதிய சட்டத்தையே கவனமாகப் படித்தேன்.

அமாவாசைக்கு முதல்நாள் பின்னேரம் நூலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பினேன். குளிர்காலத்து வெயில் கூரை உச்சிக்கு ஏறி மறைகிற நேரம். வளவுக்குள் வந்தபோது தெற்கு வேலியில் ஏதோ மின்னியது. கிட்டப் போனேன். குழாயின் நீளம் முழுவதும் சரிகையும் பட்டுமாகச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தது. என்னுடைய மூன்று பொன்னாடைகள்.

ரதிதேவி கயிற்றின் நுனியை முடிந்துகொண்டிருந்தாள். சரத் குந்தியிருந்து அவளுக்கு வாகாகக் குழாயைத் தூக்கிப் பிடித்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் எழுந்தார், அவள் எழவில்லை.

“வீட்டில கிடந்த துணியில இதுதான் நல்ல தடிப்பு,” என்றாள் ரதிதேவி. “ஒருத்தருக்கும் உதவாமல்தானே கிடந்தது.”

சரத்துக்கு நிலைமை விளங்கவில்லை என்றே நினைக்கிறேன். சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார்.

“சார், எங்க ஊர்ல மேடையில ஒருத்தருக்குப் போத்தினதையே, பின்னாடி போய் மடிச்சு எடுத்துட்டு வந்து அடுத்த ஆளுக்கும் போத்துவாங்க. அதுக்கு இது எவ்வளவோ மேல் சார். பைப்பு நாளைக்கு நன்றி உரை வாசிக்கும் பாருங்க.”

நானும் சிரித்தேன். ஆசிரியனாக இருந்த பழக்கத்தில், திட்டுவதற்குப் பதிலாக ஒரு கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்; சிறிய கதைதான்.

முன்னொரு காலத்தில் பானைத் தண்ணீர் ஒன்று பிரமனிடம் போய் முறையிட்டது. “எல்லோருக்கும் எலும்பு கொடுத்தாய். எனக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை? என்னை எவரும் எதிலும் ஊற்றுகிறார்கள். நான் அதனதன் வடிவுக்கு வளைந்து கொடுக்கிறேன். எனக்கும் ஓர் எலும்பு வேண்டும்.” பிரமன் சிரித்துக்கொண்டே ஓர் இரவுக்கு எலும்பைக் கொடுத்தான். தண்ணீர் விறைத்தது, நிமிர்ந்தது, தோளை அகட்டியது. அதைத் தாங்கியிருந்த பானை வெடித்தது. விடிந்ததும் எலும்பு கரைந்துவிட்டது. தண்ணீரைப் பிடித்து வைக்கப் பானையும் இல்லை. மண்ணோடு மண்ணாகப் போயிற்று. ஆகவே தம்பி, தன்னைத் தாங்குகிற இடத்தில் விறைத்து நிற்கிறவர்களுக்கு இதுதான் கதி.

சரத் சிறிது யோசித்தார். பிறகு கேட்டார்:

“நல்ல கதை சார். ஆனா இதுல நீங்க பானையா, எலும்பா?”

ரதிதேவி குனிந்தபடியே சிரித்தாள். இம்முறை சத்தமாகச் சிரித்தாள்.

சரத் வேலைக்குப் புறப்பட்டுப் போனார். ரதிதேவி நாளைக்குப் படைக்கவேண்டிய பாத்திரங்களைத் துலக்கப் போனாள். நான் வேலியோரம் போய், கயிற்றை அறுக்காமல், ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். பொன்னாடைகளை உதறி, மடித்து, மேல்தட்டில் பழையபடி வைத்தேன். பிறகு கொட்டிலிலிருந்த பெரிய ஸ்பனரை எடுத்துவந்து, சமையலறைப் பைப்பை இறுகப் பூட்டி, அதன் கைபிடியைக் கழற்றி என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். குளியலறையிலும் அப்படியே. பாத்திரம் துலக்கி முடித்த ரதிதேவி அதைப் பார்த்தாள், கையைத் துடைத்துக்கொண்டு படுக்கப் போனாள். சரத்தின் அறையிலும் ஒரு பைப் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரனிடம் அறைக் கதவுக்கு இன்னொரு திறப்பு இருக்கும்தானே. உள்ளே போய் அதையும் பூட்டிவிட்டு வந்தேன். அவருடைய மேசையில் ஒரு சிறு பிள்ளையார் படம் இருந்தது. அதன் முன்னால் பூ வைக்கிற பழக்கம் உள்ளவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

ஆம், ஐயா. குழாய் உறையவேண்டும் என்றுதான் செய்தேன். அதை நான் மறைக்கவில்லை.

உறைந்தது. விடிந்தபோது வானத்தில் ஒரு முகில் இல்லை. நான் எழுந்து கைபிடிகளைத் திரும்ப மாட்டி வைத்தேன். ரதிதேவி வந்து பைப்பைத் திருகினாள். அது ஒருமுறை இருமியது, பிறகு ஒன்றுமில்லை. குளியலறைக்குப் போய்ப் பார்த்தாள். வெளியே போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

“உறையும் எண்டு உங்களுக்குத் தெரியும்.”

“அது குழாய்க்குப் போத்தத் தந்த உடுப்பில்லை.”

“நான் அதைக் கேக்கேல்லை,” என்றாள். அவள் குரல் உயரவில்லை. வாசல் அறையில் அவளுடைய பெட்டி மூடியபடி நின்றது. அதைப் பார்த்தாள், மணிக்கூட்டைப் பார்த்தாள், பிறகு கதிரையில் இருந்தாள். திதி ஓடிக்கொண்டிருந்தது. நான் எதிரில் இருந்து பத்திரிகை வாசித்தேன். அந்தக் கொஞ்ச நேரம் எங்கள் வீடு ஒரு நல்ல வகுப்பறைபோல அமைதியாக இருந்தது.

அப்போது சரத் வேலை முடிந்து வந்துவிட்டார். தோளில் பை, கையில் வெறுமையான சாப்பாட்டுப் பெட்டி. விடயத்தைக் கேட்டதும் அவருக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

“ஆன்ட்டி, ஒண்ணும் கவலப்படாதீங்க. பிளாசால கடை தொறந்திருப்பான். நாலு கேன் தண்ணி வாங்கிட்டு வந்துடுறேன்.”

“கடைத் தண்ணியில பிதிர்ச்சோறு ஆக்கிறேல்லை,” என்றேன். “வீட்டுத் தண்ணியாய் இருக்கவேணும்.”

அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஓர் ஆசிரியன் வாயிலிருந்து வந்தால் அது விதியாகிவிடும். சாமி காரியத்தில் ரதிதேவிக்கு என்னை மறுத்துப் பழக்கமில்லை. அவள் தோள்கள் தாழ்ந்ததைக் கண்டேன். மனத்துக்குள் அடுத்த ஆண்டுக்கான பாடத்திட்டத்தைப் போடத் தொடங்கினேன்.

சரத் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

“வீட்டுத் தண்ணிதானே வேணும்? அது பைப்புக்குள்ளதான் தூங்குது. எழுப்பிட்டாப் போச்சு. ஆன்ட்டி, ஹேர் டிரையர் இருக்கா?”

சிவானி விட்டுப்போன டிரையர் ஒன்று இருந்தது. ரதிதேவி எழுந்த வேகத்தில் கதிரை சரிந்தது.

சரத் தன்னுடைய அறையிலிருந்து நீண்ட வயர் ஒன்றை இழுத்து வந்தார். எல்லாப் பைப்புகளையும் திறந்துவிடச் சொன்னார். வேலியோரம் வெளுத்த புல்லில் முழந்தாளிட்டு, ஒரு சாண், இன்னொரு சாண் என்று குழாய்க்குச் சூடு காட்டிக்கொண்டு போனார். நான் பின்னால் நின்றேன்.

“பொறுமையா போகணும் சார். சிலபேர் கொதிக்கிற தண்ணிய ஊத்திடுவாங்க, பைப்பு பொளந்துடும். குழந்தைக்கு ஒத்தடம் குடுக்குற மாதிரி குடுக்கணும்.” ஓரிடத்தில் மூட்டு ஒன்று இளகியிருந்தது. கொட்டிலுக்குப் போகச் சொன்னார். “அந்த ஸ்பேனர எடுத்துட்டு வந்து கொஞ்சம் புடிச்சுக்கிறீங்களா சார்? தண்ணி வந்ததும் இத ஒரு முறுக்கு முறுக்கிடலாம்.”

எடுத்துவந்து பிடித்துக்கொண்டேன். ஆகவே அதை நான் திட்டமிட்டுக் கொண்டுவந்தேன் என்று எழுதவேண்டாம். அவர்தான் கேட்டார்.

குழாய்க்குள்ளே மெல்லிய சத்தம் கேட்கத் தொடங்கியது. சின்னப் பிள்ளைகள் வரிசை கலைந்து ஓடுவதுபோன்ற சத்தம். சரத் நிமிராமலே சொன்னார்: “ஆன்ட்டி கிட்ட ரொம்ப கடுமையா இருக்காதீங்க சார். அவங்க போனாலும் நீங்க நல்லா இருப்பீங்க. எங்க அப்பாவும் கொஞ்சம் உங்கள மாதிரிதான். தனியா விட்டதும் சமையல்லாம் கத்துக்கிட்டாரு.”

சமையலறை யன்னல் திறந்திருந்தது. உள்ளே பைப் இருமியது, துப்பியது. பானையின் அடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“தண்ணி வந்திட்டுது, சரத் தம்பி!” என்று ரதிதேவி கூப்பிட்டாள்.

அவள் என்னைக் கூப்பிடவில்லை.

சரத் கழுத்தைத் திருப்பி யன்னலைப் பார்த்துச் சிரித்தார். நான் ஸ்பனரால் அவருடைய பிடரியில் அடித்தேன். அவர் குழாயைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். குழாய் தாங்கியது, அவர் தாங்கவில்லை. இரண்டாவது அடி அவர் மீண்டும் முழந்தாளிட முயன்றபோது விழுந்தது. மூன்றாவது அடி தேவையற்றது என்று இப்போது தோன்றுகிறது. டிரையர் புல்லில் விழுந்து சூடாக ஊதிக்கொண்டே கிடந்தது. அந்தக் காற்றில் அவருடைய தலைமுடி அசைந்தது. அசைந்த பக்கம் மட்டும் உலர்ந்திருந்தது. மின்சாரம் வீணாகிறதே என்று வயரைப் பிடுங்கினேன்.

கம்சாயினிப் பிள்ளை, கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். அவசரமில்லை.

ரதிதேவி நிறைந்த பானையோடு பின்வாசலுக்கு வந்தாள். அவருக்குக் காட்டத்தான் கொண்டுவந்திருக்கவேண்டும். கண்டாள். பானையைச் சிந்தாமல் படியில் இறக்கி வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போய் சரத்தின் அருகில் இருந்து, அவருடைய மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு தன் சால்வையை எடுத்து அவர் முகத்தில் போர்த்திவிட்டு எழுந்தாள்.

“நான் போறன்,” என்றாள்.

“படையல்?”

“வேண்டாம்.”

“அம்மாளுக்கு நேர்ந்தனீர்.”

“அம்மாள் பாத்துக்கொண்டுதான் நிக்கிறா,” என்றாள் ரதிதேவி.

என் கணக்கில் இது ஒன்றுதான் தவறிவிட்டது, ஐயா. அவள் நேர்த்தியை மீறுவாள் என்று நான் எண்ணவேயில்லை. பெட்டியைக்கூட எடுக்காமல், வீட்டுச் செருப்போடு, வேலியோரமாக வாசற்படலையை நோக்கி நடந்தாள். ஓடவில்லை. ஓடியிருந்தால் பயந்துவிட்டாள் என்று நானும் ஆறியிருப்பேன். ஒரு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவளைப்போல நடந்தாள். படலையின் கொளுக்கி குளிரில் இறுகியிருந்தது. அதைத் திருகித் தூக்கவேண்டும். வலது கையால் முயன்றாள். அந்த மணிக்கட்டு திருகாது. இடது கைக்கு மாற்றினாள். அந்த இடைவெளி போதுமாக இருந்தது.

அவளை நான் ஒரே அடிதான் அடித்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே நோகவில்லை என்று நம்புகிறேன். உள்ளே தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறைக் கதிரையில் இருத்தினேன். தலை நிற்கவில்லை. அலுமாரியைத் திறந்து பொன்னாடை ஒன்றை எடுத்துக் கழுத்தைச் சுற்றி முட்டுக் கொடுத்தேன். சரிகை நனைந்தது. பரவாயில்லை என்று விட்டேன். அதைப் பெருந்தன்மை என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.

திதி முடிய இன்னும் நேரம் இருந்தது. குளித்தேன். அவள் பிடித்து வைத்த தண்ணீரில் அரிசி களைந்து உலையேற்றினேன். பாகற்காயை அவள் முதல்நாள் இரவே நறுக்கி வைத்திருந்தாள். உப்பு எவ்வளவு என்று கேட்டேன், பழக்கம். வாழையிலை போட்டு, என் தகப்பனாருக்குப் படைத்துக் கும்பிட்டேன். வெளியே வைத்த சோற்றுக்கு இரண்டு மைனாக்கள் வந்தன. அவளுக்கும் ஓர் இலை போட்டேன். அவள் நேர்ந்தது நிறைவேறவேண்டுமல்லவா?

மத்தியானம் சிவானியின் கார் வந்து நின்றது. படலையடியில் கிடந்த செருப்பை அவள் பார்த்திருக்கவேண்டும். கார் எஞ்சினை நிறுத்தாமலே இறங்கி வந்தாள். அம்மா எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சோற்றுக் கையோடு எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

“அம்மா போகேல்லைப் பிள்ளை,” என்றேன். “கடைசியில என்னோடயே இருந்திட்டா.”